தெருவுக்கு வராத கிருமி

என் அக்காவுக்குக் கிருமி வளர்க்கும் உத்தியோகம். ஊரில் மற்ற அக்காக்கள் பூனை வளர்க்கிறார்கள், ரோஜாச்செடி வளர்க்கிறார்கள். எனக்கு வாய்த்தவள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மேல்மாடியில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத சனியன்களுக்குச் சூடு குறையாமல், தீனி குறையாமல் பார்த்துக்கொள்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "இதுகளை வளர்க்கிறதே போதும்மா" என்று அம்மாவின் வாயை அடைத்துவிடுவாள். வீட்டில் அவளுக்குக் கிருமிக்காரி என்று பெயர். வைத்தது நான்தான். என் வாய் அப்படி.

ஒருமுறை இருவருமாகக் கடைக்குப் போகலாம் என்று அவள் வேலை முடியும் நேரத்துக்கு அங்கே போய்க் காத்திருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் செய்வதைப் பார்த்தேன். தட்டையான சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக எதையோ ஊற்றி மூடி, அடுப்பு மாதிரி இருந்த ஒரு பெட்டிக்குள் அடுக்கினாள். வெளியே வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த டப்பாவுல மனுஷ உடம்போட செல்லுங்க இருக்கு. ஒரே அடுக்கா, இண்டு இடுக்கு இல்லாம நெருக்கி வளர்த்திருப்போம். அது மேல கிருமியை விடுவோம். அது உள்ள நுழையற வரைக்கும் விட்டுட்டு, மேல மருந்தை ஊத்திடுவோம். வெளிய சுத்திக்கிட்டு இருக்கிறது எல்லாம் செத்துடும். ஒண்ணு தப்பாது. நான் வந்ததுல இருந்து பாக்கிறேன், ஒருநாள்கூட இந்த மருந்து என்னைக் கைவிட்டதில்ல."

அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பசி.

நான் மாசமானதும் அவள் ஆளே மாறிப்போனாள். வேலையிடத்திலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் பக்கம் வருவாள். வந்தாலும் சோபாவின் அந்தக் கோடியில் உட்காருவாள். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "அக்கா, உங்க வளர்ப்புப் பிராணிங்களை வாசல்ல கட்டிப் போட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்பார். அவளும் சிரிப்பாள். எட்டாவது மாதம் பிறக்கும்வரை எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை.

காய்ச்சல் வந்தது. நான் ஒரு சட்டைக் கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பழுது பார்க்கிறவள். நாள் முழுக்க நிற்கிற வேலை. கால் கடுப்பும் முதுகு வலியும் எனக்குப் புதிதில்லை என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் சாயங்காலம் குளிரில் பல் கிடுகிடுத்தது. கம்பளி போர்த்தியும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் வண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

எங்கள் பேட்டையில் இருப்பது நடுத்தரமான ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவரை இருக்கட்டும் என்று ஊசி மூலம் ஒரு மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்று அந்தக் கிருமியின் பெயரைச் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. ஆனால் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மாவுக்குக் கண் கூர்மை. "என்னடி? உனக்குத் தெரிஞ்சதா?"

"எங்க லேப்ல இருக்கிற கிருமிம்மா."

அவ்வளவுதான். அம்மா பேயாட்டம் ஆடிவிட்டாள். "பாவி! கொண்டு வந்து கொட்டிட்டியேடி! ஊர்ல வேற வேலையே கிடைக்கலையா உனக்கு? என் பொண்ணு வயித்துலயா வந்து இறக்கணும்?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். அது சாப்பாட்டிலிருந்து வருகிற கிருமி, கடையில் குளிர்ந்த பெட்டியில் வைத்து விற்கிற சாமானில் இருக்கும், பிரிட்ஜுக்குள்ளேயே வளரும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. நான்கூட, இப்போது சொல்வதற்கென்ன, ஒரு நிமிடம் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

டாக்டரம்மா எங்கள் சண்டை ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார். "இந்தக் கிருமிக்கு முதல்ல குடுக்க வேண்டியது பென்சிலின் வகை மருந்து. ஆனா அது இவங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொல்லியிருக்கீங்க."

"ஒத்துக்கவே ஒத்துக்காது" என்றாள் அம்மா. "சின்னப் புள்ளையில ஒரு தடவை போட்டு, மூஞ்சி எல்லாம் வீங்கி, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. உசுரு போயிட்டுத் திரும்பி வந்த புள்ளை இது."

"சரி. ரெண்டு வழி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். அங்க ஆள் பக்கத்துலயே இருந்து, சொட்டுச் சொட்டா குடுத்து, ஒத்துக்குதான்னு பாப்பாங்க. அதுல ஆபத்து உண்டு, நான் மறைக்கல. இல்லன்னா இப்ப ஏத்தற மருந்தையே தொடரலாம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்ல எங்களுக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா சற்றுமுன் யாரைத் திட்டித் தீர்த்தாளோ அவளையே பார்த்தாள். அக்கா கட்டிலைச் சுற்றி வந்து, கம்பியில் தொங்கிய மருந்துப் பையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். அவள் முகத்தில் உயிர் வந்தது.

"இதா! டாக்டர், இது எனக்குக் கைப்பழக்கமான மருந்து. இதே கிருமி மேல தினமும் இதைத்தான் ஊத்தறேன். ஒண்ணு மிஞ்சாது. அடிச்சுச் சொல்றேன்." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "எனக்குத் தெரியும்மா. இந்தக் கிருமியைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச மாதிரி இங்க யாருக்கும் தெரியாது."

"அப்போ அந்தப் பென்சிலின் வேண்டாம்னு சொல்றீங்களா அக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எதுக்கு அந்த ரிஸ்க்கு? இதுவே போதும் தம்பி."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் தயங்கினார். அன்றைக்கு வெளியே வராந்தா முழுக்க நோயாளிகள். "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து கேட்டது. அதுதான் கொடுமை. காய்ச்சல் விட்டது, பசித்தது, வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை, சுத்தம் என்று வந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கை தட்டினார். அம்மா மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. எனக்கு அவித்துக் கொண்டுவந்த முட்டையில் ஒன்றை உரித்து, உப்புத் தூவி, அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அழுதுகொண்டே தின்றாள். "போதும்டி, முட்டையிலேயே உப்பு இருக்கு" என்றாள் அம்மா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அடிப்பாவிகளா, எப்படிச் சிரித்தோம்!

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்த நாள். அன்று மதியம், வார்டுக் கதவு படாரென்று திறந்தது. அக்கா. வேலையிடத்து வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்திருந்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படி தாண்டக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள். முடி அவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்க்காமல் நேரே நர்ஸிடம் போய், "டாக்டரைக் கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க" என்று கத்தினாள்.

டாக்டரம்மா வந்தார்.

"மருந்தை மாத்துங்க டாக்டர். நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த மருந்து செல்லுக்குள்ள போகாது."

"ரத்தம் சுத்தமா வந்திருக்கும்மா."

"ரத்தம் தெரு டாக்டர். வீட்டுக்குள்ள பூந்தது தெருவுக்கே வராது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாங்க அந்த மருந்தை எதுக்கு வச்சிருக்கோம் தெரியுமா? வெளிய இருக்கிறதை மட்டும் கொல்லணும், உள்ள போனதைத் தொடக்கூடாது. அதுக்குன்னே பொறுக்கி எடுத்த மருந்து. உள்ள போனது என்ன பண்ணுதுன்னு பாக்கிறதுதான் என் வேலையே. இன்னைக்கு டப்பாவை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். செல் அடுக்கு ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, உள்ள போனது கொன்ன இடம். மேல மருந்து நிக்குது, கீழ ஓட்டை விழுந்திருக்கு. தினமும் பாக்கிற ஓட்டைதான். இன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது."

ஓட்டை விழுந்த சட்டையைத் தூக்கி எறிவது என் வேலை. இவளுக்கு ஓட்டை விழுந்தால்தான் வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம். எத்தனையோ வருஷம் ஓட்டையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அன்று அதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள்.

"உள்ள போய் என்னக்கா பண்ணும்?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் எனக்கே கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"பூந்த வீட்டுச் சாமானையே எடுத்துத் தனக்கு ஒரு வால் கட்டிக்கும் தம்பி. அந்த வால் பின்னால இருந்து தள்ளத் தள்ள உள்ளேயே ஓடும். போய்ச் சுவத்துல முட்டும். சுவரு பக்கத்து வீட்டுக்குள்ள பிதுங்கும். பக்கத்து வீடு அந்தப் பிதுக்கத்தை அப்படியே முழுங்கிடும். இப்ப அது அந்த வீட்டுல. அப்புறம் அதுக்கடுத்த வீடு. வாசக்கதவைத் திறக்கவே வேண்டாம். இவ செல்லுல இருந்து நஞ்சுக்கொடி, அதுல இருந்து..."

அங்கே நிறுத்திவிட்டாள். சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

"சொல்லு" என்றேன். "அதுல இருந்து என் புள்ளைக்கு. அதானே? சொல்லேன்!"

டாக்டரம்மா என் வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைத் தேடினார். இருந்தது. ஆனால் அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கருவியை எடுக்கவில்லை. "நானும் யோசிச்சிருக்கணும்" என்று முணுமுணுத்தார். யோசிச்சிருக்கணும்! யோசிப்பதற்குத்தானே உங்களிடம் வந்தோம் என்று கத்த நினைத்தேன். அதற்குள் எனக்கு இடுப்பைப் பிடித்து முறுக்கியது.

ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பென்சிலினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள், கையில் மாற்று ஊசி தயாராக. வீங்கப் போகிறேன், மூச்சு அடைக்கப் போகிறது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடிப்பு, ஓர் அரிப்புக்கூட இல்லை. முழு மருந்தும் ஏறியது, என் உடம்பு தண்ணீர் குடிப்பது போல் குடித்துவிட்டு அமைதியாகக் கிடந்தது.

"உங்களுக்கு இது ஒத்துக்குதே" என்றார் அங்கிருந்த டாக்டர். "சின்ன வயசுல வந்தது வேற எதனாலயோ இருக்கும். நிறைய பேருக்கு இப்படித்தான்." அம்மா வாசலில் நின்று இதைக் கேட்டாள். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

என் பெண் அன்றே பிறந்தாள். அழுதாள், ஆனால் பூனைக்குட்டி மாதிரி, ஒரே ஒரு தடவை. உடனே தூக்கிக்கொண்டு போனார்கள். நஞ்சுக்கொடியை ஒரு தட்டில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், அரிசி நொய்யைத் தூவினாற்போல. அந்த வழியாகத்தான் வீடு வீடாகப் புகுந்து போயிருக்கிறது. நான் கேட்டதற்கு டாக்டர் ஒளிக்காமல் காட்டினார்.

சக்கர நாற்காலியில் என்னைப் பிள்ளையிடம் தள்ளிக்கொண்டு போனது அக்காதான். வேறு யாருக்கும் தெம்பு இல்லை. என் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தோலெல்லாம் பொரிப் பொரியாக. கை விரல் என் சுண்டுவிரல் நகம் அளவு. அவளுக்கும் பென்சிலின் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே" என்றேன். "அவளைப் பாரு. உன் மூக்கு."

பார்த்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து என் தோளில் கை வைத்தபோது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஆறுதல். யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். யார் மேலும் தப்பில்லை என்று வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து எங்கள் பிரிட்ஜைக் குடைந்து, நான் ஆசைப்பட்டு வாங்கித் தின்ற சீஸ் டப்பாவை எடுத்துப்போய்ப் பரிசோதித்து, அதில்தான் இருந்தது, அக்காவின் லேப் கிருமி வேறு ரகம் என்று பல நாள் கழித்துப் போனில் சொன்னார்கள். அதற்காகவும் யார் மேலும் தப்பில்லையாம். எனக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறது, ஒருத்தர் மேலும் தப்பில்லை என்றால் அது என்ன நியாயம்?

அந்தப் போன் வருவதற்கெல்லாம் முன்பே, பிள்ளை போன இரவு, எல்லோரும் வெளியே போன சமயம் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. நான் விட்டுடறேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சுதான்டி சொன்னேன்."

"அக்கா!"

"தெரியும்டி. அந்த மருந்து உள்ள போகாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். பையில அந்தப் பேரைப் பாத்ததும் தெரிஞ்சவங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அம்மா அப்படிப் பேசினா, நீயும் என்னை ஒரு மாதிரி பாத்தே. எப்படியாவது நான் உன்னைக் காப்பாத்தறவளா ஆயிடணும்னு இருந்துச்சு. வேற எதுவுமே ஞாபகம் வரல."

பொய் சொல்லத் தெரியாத சனியன். ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். கையில் ஊசி குத்தியிருந்ததைக்கூட நினைக்காமல் அவளை ஓங்கி அறைந்தேன். குழாய் பிடுங்கிக்கொண்டு ரத்தம் போர்வையில் தெறித்தது. "போ. என் மூஞ்சியிலேயே முழிக்காதே. போயிடு!" என்று கத்தினேன். அவள் முதலில் என் கையை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தினாள். நர்ஸ் வந்த பிறகுதான் போனாள்.

இரண்டு நாள் அவள் உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பால் சுரந்தது.

கல்லாகக் கனத்து, சூடாகி, ரவிக்கை நனைந்து, பிறகு போர்வையும் நனைந்தது. என் உடம்புக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே என்று அது பாட்டுக்குச் சுரந்தது. வலி உயிர் போனது. அம்மாவைக் கூப்பிட்டால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள், அப்புறம் அவளை நான் தேற்ற வேண்டும். வீட்டுக்காரர் பார்த்தால் உடைந்தே போவார். மாரில் துணியைக் கட்டினால் மெல்ல வற்றிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். "யாராவது கூட இருக்காங்களாம்மா?" என்றாள்.

"வெளிய என் அக்கா இருப்பா" என்றேன். அவள் போயிருக்கமாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியும்.

உள்ளே வந்தாள். கன்னம் கன்றியிருந்தது. என் ஈரத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கட்டிலருகே இருந்த அலமாரியிலிருந்து நீளத் துணியை எடுத்து, என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தாள். துணி இரண்டு தடவை நழுவியது.

"இறுக்கிக் கட்டு" என்றேன்.

"வலிக்கும்டி."

"வலிக்கட்டும். கட்டு."

அவள் முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டாள். கட்டி முடித்தபோது துணியின் முன்பக்கம் மறுபடி நனைந்திருந்தது. "வேற துணி எடு" என்றேன். எடுக்கப் போனாள்.